கர்ப்ப காலத்தில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்கிறீர்களா? மகப்பேறு ஏற்பாடுகள், படிப்படியாக

கணவருக்கோ மனைவிக்கோ வேலை உறுதியாகி, விசாவும் வரும் நேரத்தில் கர்ப்பம் உறுதியாவது இப்போது பல குடும்பங்களில் நடக்கிறது. அங்கே போய் யாரிடம் காட்டுவது, எவ்வளவு செலவாகும், பேசாமல் இங்கேயே பெற்றுக்கொண்டு பிறகு போகலாமா என்று கேள்விகள் வரிசையாக எழும். இந்தக் குறிப்புகள் தமிழ்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் தாய்மாருக்காக எழுதியவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் நடைமுறை சற்று வேறுபடும்.

முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வீடு அமையட்டும், சாமான் வாங்கி முடியட்டும், பிறகு மருத்துவமனையைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பகாலப் பரிசோதனைகள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட வாரங்கள் உண்டு. அந்த வாரங்கள் கடந்துவிட்டால் சில பரிசோதனைகளைத் திரும்பச் செய்யவே முடியாது. வாடகை வீடு ஒரு மாதம் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது.

படி 1: விசாவும் செலவும்

என்.எச்.எஸ். என்பது இங்கிலாந்தின் அரசுப் பொது மருத்துவச் சேவை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட வேலை விசாவிலோ குடும்பத் துணை விசாவிலோ போகிறவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கூடுதல் கட்டணம் செலுத்துகிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு இது ஆண்டுக்கு 1,035 பவுண்டு. செவிலியர், மருத்துவர் போன்றோருக்கான சுகாதாரப் பணியாளர் விசாவில் போகிறவர்களுக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. இந்த இரு வகையினருக்கும் ஸ்கேன், பிரசவம், சிசேரியன், பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு எல்லாவற்றுக்கும் தனியாகப் பில் வராது. கர்ப்பமான பிறகு விண்ணப்பித்தாலும் இதுவே விதி.

சுற்றுலா விசாவில் போவது வேறு கதை. அவர்களிடம் என்.எச்.எஸ். தன் அடக்கச் செலவில் ஒன்றரை மடங்கு வசூலிக்கும். மகப்பேறு சிகிச்சை உடனடித் தேவை என்று கருதப்படுவதால், பணம் கட்டவில்லை என்று சிகிச்சையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. ஆனால் பில் நிச்சயம் வரும். 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் பின்னாளில் விசா மறுக்கப்படலாம். ஆகவே குடும்பத் துணை விசா கிடைக்கும் நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட்டுச் சுற்றுலா விசாவில் கிளம்ப வேண்டாம்.

விசாவுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை ஒன்று உண்டு. வழக்கமாக மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். கர்ப்பமாக இருப்பதை மையத்தில் முதலிலேயே சொல்லுங்கள். வயிற்றை மறைக்கும் பாதுகாப்புக் கவசத்தோடு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் சளிப் பரிசோதனை கேட்கலாம். சளிப் பரிசோதனை முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். பயணத் தேதியை நிச்சயிக்கும் முன் இந்த எட்டு வாரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலருடைய திட்டம் தடுமாறுவது இங்கேதான்.

படி 2: ஊர் மருத்துவரிடமிருந்து கோப்பு

கிளம்பும் முன் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு பக்கச் சுருக்கக் கடிதம் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசி மாதவிடாய் தேதி, முதல் ஸ்கேன்படி கணித்த பிரசவத் தேதி, ரத்த வகை, இதுவரை நடந்த பரிசோதனைகள், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மாத்திரைகளைக் கம்பெனிப் பெயரில் எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது. மருந்தின் மூலப் பெயரும் அளவும் எழுதச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை, ஆஸ்பிரின், புரொஜெஸ்ட்ரோன் எடுப்பவர்களுக்கு இது மிக முக்கியம். எதற்காகத் தொடங்கினார்கள் என்ற காரணமும் வேண்டும்.

அதோடு எடுத்துச் செல்ல வேண்டியவை:

- எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும், அசலும் கைப்பேசியில் நகலும்
- தடுப்பூசிப் பதிவு
- முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் அந்த அறுவை சிகிச்சைக் குறிப்பு. கருச்சிதைவு ஏற்பட்டிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி
- தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு, கணவருடையதும் சேர்த்து

பிரசவத்துக்குத் தாய்வீடு திரும்பும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் எனப்படும் அரசின் கர்ப்பப் பதிவு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது கேட்கப்படும்.

படி 3: பயணம்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துவிட்டு அனுப்பலாம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் 28 வாரம் கடந்தவர்களிடம் விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்பது வழக்கம். ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரத்துக்குப் பிறகும், இரட்டை என்றால் 32 வாரத்துக்குப் பிறகும் பெரும்பாலும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். அதைவிட முக்கியம், அங்கே போய்ச் சேர்ந்து பதிவு செய்து, மருத்துவமனைக்குப் பழக உங்களுக்கு வாரங்கள் வேண்டும். வளைகாப்பை ஐந்தாம் மாதத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பெரியவர்களிடம் எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானமே பத்து மணி நேரத்துக்கு மேல். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க இறுக்கமான மருத்துவக் காலுறை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கோப்பு கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் வேண்டாம்.

படி 4: போய்ச் சேர்ந்த முதல் வாரம்

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

முதலாவது, ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு. என்.எச்.எஸ். இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அருகிலுள்ள ஜி.பி. நிலையங்கள் தெரியும். பதிவு இலவசம். அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லை என்ற காரணத்துக்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்பது என்.எச்.எஸ். விதி. வரவேற்பாளர் மின்கட்டண ரசீது கேட்டால், அது கட்டாயமில்லை என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். நண்பர் வீட்டில் தங்கியிருந்தாலும் அந்த முகவரியில் பதியலாம்.

இரண்டாவது, மிட்வைஃபிடம் நேரடிப் பதிவு. நம் ஊரில் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதுபோல அங்கே முதலில் பார்ப்பது மிட்வைஃப் என்னும் பேறுகாலச் செவிலியரைத்தான். அதற்கு ஜி.பி. கடிதம் தேவையில்லை. நீங்கள் பிரசவிக்க விரும்பும் என்.எச்.எஸ். மருத்துவமனையின் இணையதளத்தில் மகப்பேறுப் பகுதிக்குப் போனால் சுயபதிவுப் படிவம் இருக்கும். என்.எச்.எஸ். எண் இன்னும் வரவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். அது இல்லாமலும் பதியலாம். படிவம் ஏற்கவில்லை என்றால் அதே பக்கத்திலுள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

பேசும்போது "ஐந்தாம் மாதம்" என்று சொல்லாதீர்கள். "19 வாரம் 3 நாள்" என்று சொல்லுங்கள். அங்கே எல்லா முடிவும் வாரக் கணக்கில்தான். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடப்பது நல்லது. 9 வாரம் கடந்து வருபவர்களுக்கு இயன்றவரை இரண்டு வாரத்துக்குள் சந்திப்பு தர வேண்டும் என்பது அந்நாட்டு வழிகாட்டுதல். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் மீண்டும் கூப்பிடுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று நம் பெண்கள் தயங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டாம், இது உங்கள் உரிமை.

படி 5: முதல் சந்திப்பு

இதைப் புக்கிங் அப்பாயின்ட்மென்ட் என்பார்கள். நீளமான சந்திப்பு, ஏராளமான கேள்விகள். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும் மருத்துவப் பேச்சுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், கட்டணம் கிடையாது. கணவரே மொழிபெயர்த்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் ஒரு கட்டத்தில் மிட்வைஃப் உங்களைத் தனியாகப் பார்க்க விரும்புவார். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று எல்லாப் பெண்களிடமும் கேட்பார். அப்படி ஏதாவது இருந்தால் மனம்விட்டுச் சொல்ல அதுவே பாதுகாப்பான இடம்.

கணவரும் நீங்களும் ரத்த உறவா என்றும் கேட்பார்கள். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் மறைக்க வேண்டாம். உங்களைக் குறை சொல்வதற்காக அவர்கள் அதைக் கேட்பதில்லை. மரபுவழி நோய்களுக்கான பரிசோதனையை முடிவு செய்யவே கேட்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனைகளை மீண்டும் எடுப்பார்கள். ஊரில் எடுத்தாயிற்றே என்று தோன்றும், இருந்தாலும் கொடுத்துவிடுங்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ், தலசீமியா எல்லாம் அதில் அடங்கும். அலகுகள் மாறுவதால் எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஊரில் ஹீமோகுளோபின் 10.5 என்றால் அங்கே 105. சர்க்கரை இங்கே 140 என்றால் அங்கே 7.8, நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அவர்கள் எண் கிடைக்கும்.

மருந்துச் சீட்டுக் கட்டண விலக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் அன்றே கேளுங்கள். குழந்தை பிறந்து 12 மாதம் வரை மருந்தும் என்.எச்.எஸ். பல் சிகிச்சையும் இலவசம்.

படி 6: வாரங்களின் வரிசை

முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள். டவுன் சிண்ட்ரோம் உள்ளிட்ட குறைபாடுகளுக்காக ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யும் இணைப் பரிசோதனையும் அப்போதுதான். நம் ஊரில் இதே வாரங்களில் எடுக்கும் என்.டி. ஸ்கேனை முடித்துவிட்டுப் போனால் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். 14 வாரம் கடந்து போகிறவர்களுக்கு 20 வாரம் வரை வேறொரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது டவுன் சிண்ட்ரோமை மட்டுமே பார்க்கும். குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 21 வாரத்துக்குள். இதற்காக மட்டுமாவது பயணத் தேதியைக் கவனியுங்கள்: ஒன்று ஊரில் முடித்துவிட்டுப் போங்கள், அல்லது 17-ஆம் வாரத்துக்குள் அங்கே பதிவு செய்துவிடுங்கள்.

அனாமலி ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விருப்பமா எனப் பல மருத்துவமனைகளில் கேட்பார்கள். அங்கே அதற்குத் தடையில்லை. ஊரிலிருந்து அதே கேள்வியோடு தொலைபேசி வரும் வீடாக இருந்தால், தெரிய வேண்டாம் என்று ஸ்கேன் தொடங்கும்போதே சொல்லிவிடுவது தாய்க்கு நிம்மதி என்பது என் கருத்து.

கக்குவான் இருமல் தடுப்பூசி 16 வாரத்திலிருந்து. ஊரில் டெட்டனஸ் ஊசி போட்டிருந்தாலும் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கான தடுப்பூசி 28 வாரத்திலிருந்து. 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை. தெற்காசியக் குடும்பப் பின்னணியே அதற்குப் போதுமான காரணம். யாரும் சொல்லாவிட்டால் நீங்களே நினைவுபடுத்துங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28 வாரத்தையொட்டி தாயின் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகச் செயல்படாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றிப் பேசுவார்கள். நீங்கள் வேலை பார்ப்பவரானால் 20 வாரத்துக்குப் பிறகு மேட் பி1 என்னும் சான்றிதழை மிட்வைஃப் தருவார்; விடுப்புக்கு அலுவலகம் அதைக் கேட்கும்.

படி 7: குறைவாகப் பார்க்கிறார்களே என்ற கவலை

மாதம் ஒரு ஸ்கேன் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே இரண்டே ஸ்கேன் என்பது கலக்கமாக இருக்கும். சிக்கலில்லாத முதல் கர்ப்பத்துக்கு மொத்தம் பத்துச் சந்திப்பு, அடுத்த கர்ப்பங்களுக்கு ஏழு. ஒருவேளை மருத்துவரையே பார்க்காமல் மிட்வைஃப் கையிலேயே பிரசவம் முடியலாம். அது அலட்சியம் இல்லை, அந்த அமைப்பே அப்படித்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன் இருந்தால் மருத்துவரும் கூடுதல் ஸ்கேனும் சேரும்.

ஆனால் இந்த அமைப்பில் நீங்கள்தான் கூப்பிட வேண்டும். மருத்துவமனையின் மகப்பேறு அவசர எண் 24 மணி நேரமும் இயங்கும். அதை முதல் சந்திப்பிலேயே வாங்கி, கணவர் கைப்பேசியிலும் சேமித்துவிடுங்கள். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், கடுமையான தலைவலி, பார்வை மங்குதல் இருந்தால் உடனே கூப்பிடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, 24 வாரம் ஆகியும் அசைவே தெரியாவிட்டாலோ அன்றே, அந்த நேரத்திலேயே கூப்பிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்க்கலாம், இனிப்புச் சாப்பிட்டுப் பார்க்கலாம், காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

படி 8: பிரசவத்துக்கு முன்னும் பின்னும்

சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கைக்குழந்தைக்கான கார் இருக்கையை முன்பே வாங்கி வையுங்கள். அம்மாவோ மாமியாரோ வருவதானால் அவர்களுக்கு விசா எடுக்கவே மாதங்கள் ஆகலாம். 20 வாரத்திலேயே தொடங்குங்கள். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடும் அவசியம், ஏனென்றால் சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு மருத்துவமனைச் சிகிச்சை இலவசமில்லை. வர யாரும் இல்லையென்றால் கணவரின் விடுப்பை இப்போதே பேசி வையுங்கள். மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பார்ப்பார், பிறகு குழந்தையின் வளர்ச்சியைக் கவனிக்கும் செவிலியரான ஹெல்த் விசிட்டர் வருவார். ஆனால் பத்தியச் சாப்பாடு சமைத்துத் தர அவர்கள் வரமாட்டார்கள்.

குழந்தை பிறந்த 42 நாளுக்குள் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வசிப்பு உரிமையோ பெற்றிருந்தால்தான் அங்கே பிறக்கும் குழந்தை பிரிட்டிஷ் குடிமகனாகும். மற்றவர்கள் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட் எடுத்து, குழந்தைக்கு விசா வாங்க வேண்டும். குழந்தையின் இலவச மருத்துவ உரிமை முதல் மூன்று மாதத்துக்கு மட்டுமே தானாகக் கிடைக்கிறது, எனவே அதற்குள் விசா விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பெற்றோர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்பதால் குழந்தைக்குக் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியும் உண்டு. அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் அது போடப்படுவதில்லை. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் எங்கே, எப்போது போடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.