கேசியைக் கேட்டுவிட்டுச் சண்டை போடும் முன்

கலிஃபோர்னியாவில் இருக்கும் தோழி ஒருத்தியும் நானும் ஒரு பாட்டுக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். அமெரிக்க வானொலியின் பழைய பாட்டு வரிசை நிகழ்ச்சியான 'அமெரிக்கன் டாப் 40'-இன் அந்த வார மறுஒலிபரப்பில் அந்தப் பாட்டு வரவே இல்லை என்றாள் அவள். 36-ஆவது இடத்தில் வந்தது, நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன் என்றேன் நான். மூன்றாம் நாள்தான் விஷயம் புரிந்தது. அவள் கேட்ட நிலையம் நிகழ்ச்சியின் முதல் ஒரு மணி நேரத்தைப் போடவே இல்லை. இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

இப்படிக் கடைசி இடத்திலிருந்து முதலிடம் வரை பாட்டுகளைப் போடும் பழைய கவுண்ட்டவுன் நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பேசுகிற கூட்டத்தில் நடக்கும் சச்சரவில் பாதி இந்த ரகம். அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பாட்டைப் பற்றிப் பேசுவது அப்புறம். எந்த வாரம், எந்த வடிவம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடிப்படை விவரம் கொஞ்சம். 1970 ஜூலை 4 வார இறுதியில் தொடங்கிய நிகழ்ச்சி. 'பில்போர்டு' என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை வாரா வாரம் போடும் பிரபலப் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-இல் முதல் நாற்பதை எடுத்து, நாற்பதிலிருந்து ஒன்று வரை அறிவிப்பாளர் கேசி கேசம் இறங்கி வருவார். 1988 ஆகஸ்ட் வரை அவர் குரல். அந்தக் காலத்தில் முழு நிகழ்ச்சியையும் இசைத்தட்டுகளில் அச்சடித்து, எந்த இடத்தில் என்ன வரும் என்ற குறிப்புத் தாளோடு தபாலில் நிலையங்களுக்கு அனுப்புவார்கள். இன்று எழுபதுகளின் நிகழ்ச்சிகள் தனியாகவும் எண்பதுகளின் நிகழ்ச்சிகள் தனியாகவும் வார இறுதிகளில் பல நிலையங்களில் வருகின்றன. பெரும்பாலும் நாட்காட்டியோடு ஒட்டித்தான் போடுவார்கள். நவம்பர் கடைசி என்றால் ஏதோ ஒரு வருடத்தின் நவம்பர் கடைசி வாரம். இணையத்தில் நாள் முழுக்க ஓடும் ஓடையில் இந்த ஒழுங்கு கிடையாது. மே மாதத்தில் டிசம்பர் வரும்.

சரி, வாரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தொடக்கத்திலிருந்து கேட்டால் கவலையில்லை, இன்ன தேதியோடு முடியும் வாரம் என்று கேசியே சொல்லிவிடுவார். நடுவில் நுழைந்தால்தான் வேலை. புதியவர்கள் எல்லாரும் முதலிடத்துப் பாட்டை வைத்து வாரத்தைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். அது ஏமாற்றும். பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'பிசிக்கல்' 1981 நவம்பர் 21 தொடங்கிப் பத்து வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. சரி, இரண்டாமிடத்தைப் பார்ப்போம் என்றால், நவம்பர் 28 முதல் அங்கேயும் ஃபாரினர் குழுவின் ஒரே பாட்டு பத்து வாரம் நகரவில்லை. ஆக, உச்சியில் இரண்டு பாட்டும் தெரிந்தும் ஒன்பது வாரத்தில் எது என்று உங்களால் சொல்ல முடியாது.

பட்டியலின் அடியைப் பாருங்கள். நாற்பதுக்கும் முப்பதுக்கும் நடுவில்தான் வாரா வாரம் ஆள் மாறும். இந்த வாரம்தான் முதல் முறையாக உள்ளே வருகிறது என்று கேசி சொல்கிற பாட்டு ஒன்று கிடைத்தால் போதும், ஒரு பாட்டு நாற்பதுக்குள் முதன்முதலாக நுழைவது ஒரே ஒரு வாரம்தானே. அது சிக்கவில்லை என்றால், 'போன வாரம் 31, இந்த வாரம் 27' என்று அவர் சொல்லும் எண் ஜோடிகளில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி வேறு வாரத்திலும் பொருந்தலாம், இரண்டும் சேர்ந்து பொருந்துவது அபூர்வம். அப்புறம் பில்போர்டு தளத்தில் தேதிவாரியாகப் பட்டியல் இருக்கிறது, பழைய இதழ்கள் கூகுள் புக்ஸில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. பத்து நிமிட வேலை.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு, நானே விழுந்தேன். அந்தக் காலத்தில் பல ஆண்டுகள் ஆண்டுக் கடைசியில் பில்போர்டு ஒரு வாரம் இதழ் போடாமல் விட்டது. அந்த வாரத்துக்கு முந்தைய வாரப் பட்டியல் அப்படியே நிற்கும். ரசிகர்கள் இதை 'உறைந்த வாரம்' என்பார்கள். ஆகவே அந்த ஆண்டுகளில் டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம் என்று வந்தால் இரண்டு தேதிக்கும் ஒரே பட்டியலாக இருக்கலாம். என் தேதி சரியா உன் தேதி சரியா என்று மல்லுக்கட்டாதீர்கள்.

ஆண்டுக் கடைசி என்றதும் இன்னொன்று. 1981-இன் சிறந்த நூறில் 'பிசிக்கல்' எங்கே என்று வருடா வருடம் யாராவது ஒருவர் கொதிப்பார். பில்போர்டின் ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31-இல் முடிவதில்லை, நவம்பர் வாக்கிலேயே மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஏறிய பாட்டு அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும். 'பிசிக்கல்' 1982-இன் பட்டியலில் முதலிடம். நான் பிழைப்புக்குக் கணக்கெழுதுகிறவள். நிதியாண்டு மார்ச்சில் முடிகிற நாட்டில் படித்துவிட்டு வந்தவளுக்கு இது ஒரு அதிசயமாகவே படவில்லை.

அடுத்தது வடிவம். 1978 அக்டோபர் தொடக்கம் வரை நிகழ்ச்சியே மூன்று மணி நேரம்தான். அதற்குப் பிறகு நான்கு. எனவே 1974-ஆம் ஆண்டு நிகழ்ச்சி மூன்று மணி நேரத்தில் முடிந்தால் யாரும் எதையும் வெட்டவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 180 நிமிடத்தை நாற்பதால் வகுத்தால் ஒரு பாட்டுக்கு நாலரை நிமிடம். அதில் விளம்பரம், கேசியின் பேச்சு எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு? அதனால் பல பாட்டுகள் மூல நிகழ்ச்சியிலேயே குறுக்கப்பட்டவை. ஒரு சரணம் காணோம் என்று இன்றைய நிலையத்தைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டுகளும் நீளமாகிக்கொண்டே போனதால்தான் நான்கு மணி நேரம் தேவைப்பட்டது.

எண்பதுகளின் நான்கு மணி நேர நிகழ்ச்சியில்தான் உண்மையான வெட்டு. முதல் மணி நேரத்தை விட்டுவிட்டு மூன்று மணி நேரமாகப் போட்டுக்கொள்ள நிலையங்களுக்கு வசதி உண்டு. அப்படிச் செய்தால் ஏறக்குறைய பத்துப் பாட்டு காலி. கண்டுபிடிப்பது சுலபம்: முதலில் காதில் விழும் எண் எது? முப்பதை ஒட்டி இருந்தால் உங்கள் நிலையம் மூன்று மணி நேர நிலையம். என்னைக் கேட்டால் அந்த முதல் மணி நேரம்தான் நிகழ்ச்சியின் உயிர். முதல் பத்து இடத்துப் பாட்டுகளை எந்த நிலையத்திலும் தினம் கேட்கலாம். 38-இல் எட்டிப் பார்த்துவிட்டு மூன்று வாரத்தில் காணாமல் போன பாட்டை வேறு யார் போடப் போகிறார்கள்?

நடுவே எண் சொல்லாமல், கேசி அல்லாத ஒரு குரல் அறிமுகம் செய்து ஒரு பாட்டு வந்தால் குழம்ப வேண்டாம். பழைய விளம்பர நேரத்தை நிரப்ப இன்று சேர்த்த உபரி அது. நோட்டில் ஓரத்தில் எழுதுங்கள், வரிசையில் சேர்க்காதீர்கள். சில வாரங்களில் கேசி விடுமுறையில் போயிருப்பார், வேறொருவர் முழு நிகழ்ச்சியையும் நடத்துவார். அது மூலத்திலேயே அப்படித்தான். அந்த வாரங்களை வெறுக்கும் ரசிகர்கள் நிறைய. எனக்குப் பரவாயில்லை.

நோட்டு என்றேனே. நீளக் கணக்கு நோட்டில் நான்கு பத்தி போட்டிருக்கிறேன்: எண், பாட்டு, போன வார எண், கதை. முதல் மூன்றும் எங்கேயும் கிடைக்கும், நாலாவதுக்காகத்தான் நான் உட்கார்ந்து கேட்கிறேன். விளம்பரத்துக்கு முன்னால் கேசி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போவார்: இந்தப் பாடகர் இதற்கு முன் என்ன வேலை பார்த்தார் தெரியுமா, என்கிற மாதிரி. பதில் விளம்பரம் முடிந்த பிறகு. கேள்வியை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகாதீர்கள். என் நோட்டில் பதில் இல்லாத கேள்விகள் பதினேழு இருக்கின்றன. 1978-இலிருந்து நேயர் கடிதமும் உண்டு. தொலைவில் இருக்கும் ஒருவருக்குப் பாட்டைச் சமர்ப்பிக்கச் சொல்லி எழுதுவார்கள், கேசி நிதானமாக வாசிப்பார். நான் சனிக்கிழமை துணி தேய்த்துக்கொண்டே கேட்பது வழக்கம். பிரிந்துபோன அண்ணனுக்கு ஒரு பெண் எழுதிய கடிதத்தை அவர் வாசித்தபோது இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டேன். அந்த வாரக் கடிதத்துக்கு எதிரே 'நீலச் சட்டை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.

மறுஒலிபரப்பையும் புதிதாகச் செய்ததையும் பிரித்துப் பார்க்கவும் பழகுங்கள். பிபிசியின் 'பிக் ஆஃப் த பாப்ஸ்' பழைய பட்டியலை எடுத்து இன்றைய அறிவிப்பாளர் வாசிக்கும் நிகழ்ச்சி. பட்டியல் பழசு, குரல் புதுசு. என் அப்பா இந்தி தெரியாமலே புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ரேடியோ சிலோனில் 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சியைக் கேட்டவர். 1952-இல் தொடங்கியது. இடங்களை அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி 'பாய்தான்' என்பார், படி என்று பொருள். அப்பாவுக்குத் தெரிந்த நாலைந்து இந்திச் சொல்லில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் சயானியே பேசி அந்தப் பாட்டுகளைத் தொகுப்பாக வெளியிட்டார்கள். அருமையான தொகுப்பு, ஆனால் அந்தப் புதன்கிழமை இரவு அதில் இல்லை. அன்றைக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் பேசுகிற குரல் மறுஒலிபரப்பில் மட்டும்தான் கிடைக்கும். இந்தக் குழு இன்னும் மேலே போகும் என்று கேசி நம்பிக்கையோடு சொல்லும்போது, அது அடுத்த வாரமே மறைந்துவிட்டது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

பேச உட்காரும்போது முதல் வரியில் இதைப் போடுங்கள்: '1981 நவம்பர் 21, நாலு மணி நேரம், இணைய ஓடை'. பாதி சண்டை அங்கேயே தீரும். முதலிடம் எது என்று திங்கள்கிழமைக்கு முன் சொல்லாதீர்கள். ஒரு நிலையம் சனி காலை போடும், இன்னொன்று ஞாயிறு இரவு, அதற்கு மேல் கிழக்குக்கும் மேற்குக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். நாற்பது வருடப் பழைய முடிவுதானே என்று சிரிப்பவர்கள் இந்தக் கூட்டத்துக்கு லாயக்கில்லை. அப்புறம், இவ்வளவு புகழ்பெற்ற பாட்டு 33-லேயே நின்றுவிட்டதா, பட்டியலே பொய் என்று குதிக்க வேண்டாம். 1991 நவம்பருக்கு முன் கடைகளும் நிலையங்களும் தாங்களே சொன்ன விவரத்தை வைத்துத்தான் பட்டியல் போட்டார்கள். விற்பனையைக் கணினி எண்ணியது அதற்குப் பிறகுதான். பட்டியலைச் சந்தேகிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த வாரத்தில் நின்றுகொண்டு சந்தேகியுங்கள்.

தோழிக்கு இன்னும் முதல் மணி நேரம் கிடைப்பதில்லை, நிலையத்தை மாற்றவும் மனசில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன், 40 முதல் 31 வரை. பக்கத்தின் அடியில் முதலிடம் இருக்கும் வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.