சூப்பர்ஹீட்டர்ல தண்ணி கிடையாது: 485 டிகிரி ஸ்டீமை ஏத்துறதும் பிடிச்சு வைக்கிறதும்

கோ-ஜென் (கரண்டும் ஸ்டீமும் சேத்து எடுக்குற) பாய்லருக்கு புதுசா வர்ற பசங்க எல்லாரும் டிரம் லெவலையே (தண்ணியும் ஸ்டீமும் பிரியுற மேல் தொட்டியோட தண்ணி மட்டம்) கண்கொட்டாம பாத்துட்டு இருப்பாங்க. தப்பில்ல, லெவல் போச்சுன்னா மொத்தமும் போச்சு. ஆனா லெவல் அசையாம நடுவுல நிக்கும்போதே சூப்பர்ஹீட்டரை சுட்டுப் பாழாக்கிட முடியும்னு நிறைய பேருக்கு தெரியல. நான் பாத்த வேலை சர்க்கரை ஆலையில, கரும்புச் சக்கை எரிக்கிற மணிக்கு 70 டன் ஸ்டீம் குடுக்குற வாட்டர் டியூப் (டியூபுக்குள்ள தண்ணி, வெளிய நெருப்பு) பாய்லர், 67 ஏடிஏ (பிரஷர் கணக்கு, ஒரு ஏடிஏ சுமாரா காத்தழுத்தம்), 485 டிகிரி. இங்க சொல்றது அந்த சைஸ் மெஷினை வெச்சுத்தான். உங்களது 87 ஏடிஏ 515 டிகிரியோ, 110 ஏடிஏ 540 டிகிரியோ இருந்தா நம்பர் மாறும், வேலை அதேதான். மேக்கர் மேனுவல்ல குடுத்த கர்வ் எதுவோ அதையே புடிச்சுக்கோங்க.

மொதல்ல இந்த சூடு எதுக்குன்னு பாத்துருவோம். 67 ஏடிஏ-ல தண்ணி கொதிக்கிறது சுமார் 283 டிகிரியில. டிரம்முக்குள்ள தண்ணி இருக்குற வரைக்கும், பிரஷர் அதே பிரஷர்னா, எவ்வளவு சக்கையை தள்ளினாலும் ஸ்டீம் அளவுதான் கூடும், சூடு 283-ஐ தாண்டாது. அதுக்கு மேல ஏத்தணும்னா ஸ்டீமை தண்ணிகிட்ட இருந்து பிரிச்சு தனியா கூட்டிட்டுப் போய் மறுபடி நெருப்புல காட்டணும், அதுக்குத்தான் சூப்பர்ஹீட்டர். அந்தக் கூடுதல் 200 டிகிரி டர்பைனுக்கு. சூடு பத்தலன்னா டர்பைன் கடைசி ஸ்டேஜ்ல ஸ்டீம் தண்ணித்துளியா மாறி பிளேடை அரிச்சு எடுத்துரும். ஆனா டர்பைனை விட்டு வெளிய வந்து சாறு காய்ச்சுற எவாப்பரேட்டருக்குப் போறப்ப இதே சூப்பர்ஹீட் தொல்லை, ஏன்னா காஞ்ச ஸ்டீம் வெறும் காத்து மாதிரி, சூட்டை சீக்கிரம் விடாது. அங்க தேவை 2.5 ஏடிஏ, 127 டிகிரிக்கு பக்கத்துல இருக்குற ஸ்டீம். அதனால அங்க தண்ணி அடிச்சு இறக்குவாங்க. நம்ம இவ்வளவு கஷ்டப்பட்டு ஏத்துனதை அவங்க தண்ணி ஊத்தி இறக்குறாங்களேன்னு எனக்கு ஆரம்பத்துல ஆத்திரமா வரும்.

ஸ்டீம் போற வழியை ஒரு தடவை நடந்தே பாத்துருங்க, கன்ட்ரோல் ரூம் டிசிஎஸ் ஸ்கிரீன்ல பாத்தா மனசுல நிக்காது. டிரம் மேல இருந்து கிளம்பி பிரைமரி சூப்பர்ஹீட்டர், அங்க இருந்து அட்டெம்பரேட்டர்னு ஒரு பைப், அதுக்குள்ள ஸ்பிரே நாசில், அப்புறம் செகண்டரி சூப்பர்ஹீட்டர், அவுட்லெட் ஹெடர் (டியூப் எல்லாம் வந்து சேருற பெரிய பைப்), மெயின் ஸ்டாப் வால்வு, டர்பைன். ஸ்டாப் வால்வுக்கு முன்னாடி ஒரு கிளை மேல போய் சைலன்சர்ல முடியும், அதுதான் ஸ்டார்ட்-அப் வென்ட். அந்த வென்ட் வால்வு எங்க இருக்கு, கையில சுத்துற வீல் எந்தப் பக்கம் திரும்புது, இது ரெண்டும் இருட்டுல கூட தெரியணும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஃபர்னேஸ் சுவர் டியூப்ல உள்ள தண்ணி இருக்கு, வெளிய எவ்வளவு தீ இருந்தாலும் உள்ள கொதிக்கிற தண்ணி அந்த இரும்பை காப்பாத்திரும். சூப்பர்ஹீட்டர் டியூப்ல அந்த தண்ணி கிடையாது, உள்ள ஓடுற ஸ்டீம்தான் அதை குளிர வைக்குது, 400 டிகிரி ஸ்டீம் குளிர வைக்குதுன்னா சிரிப்பா இருக்கும், ஆனா வெளிய ஓடுற கேஸ் (சக்கை எரிஞ்ச சூடான புகை) அதைவிட பல நூறு டிகிரி அதிகம்ங்கிறதால அதுதான் உண்மை. ஓட்டம் நின்னா இரும்பு கேஸோட சூட்டை நோக்கி ஏற ஆரம்பிச்சுரும். சூடு கம்மியான பக்கம் கார்பன் ஸ்டீல், சூடான பக்கம் டி-11, டி-22 மாதிரி குரோமியம் மாலிப்டினம் கலந்த டியூப் போட்டிருப்பாங்க, அதுவும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும். நெருப்புக்கு முன்னாடி ஓட்டம், இதை மட்டும் மறக்காதீங்க.

அதனால லைட்-அப். டிரம்மை நார்மலுக்கு கொஞ்சம் கீழ நிரப்புங்க, சூடானதும் தண்ணி உப்பி தானா மேல வரும். டிரம் வென்ட், சூப்பர்ஹீட்டர் ஹெடர் டிரெய்ன் எல்லாம், மெயின் லைன் டிரெய்ன், ஸ்டார்ட்-அப் வென்ட், எல்லாத்தையும் திறங்க. எக்கனாமைசர் (வெளிய போற புகைச் சூட்டுல ஃபீட் தண்ணியை சூடாக்குற பகுதி) ரீசர்க்குலேஷன் லைனும் திறந்திருக்கணும், ஃபீட் போகாத நேரத்துல அதுக்குள்ள தண்ணி தேங்கி கொதிக்கக் கூடாது. ஐடி ஃபேன் (புகையை இழுக்குறது), எஃப்டி ஃபேன் (காத்தை தள்ளுறது) ஓட்டி ஃபர்னேஸை பர்ஜ் பண்ணி, அதாவது உள்ள தேங்குன கேஸை வெளியேத்திட்டு, கிரேட் (சக்கை எரியுற தட்டு) மேல விறகை அடுக்கி பத்த வைங்க, சக்கையை கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. டிரம் வென்ட்ல புஸ்புஸ்னு காத்தும் ஆவியும் கலந்து வர்றது நின்னு, ஒரே சீரா ஸ்டீம் வந்து, பிரஷர் 2 கிலோ ஆனதும் டிரம் வென்ட்டை மூடலாம். சூப்பர்ஹீட்டர் டிரெய்ன் அப்படி இல்ல, தண்ணி சுத்தமா போய் காஞ்ச ஸ்டீம் வர்ற வரைக்கும் திறந்தே இருக்கட்டும்.

எவ்வளவு வேகமா ஏத்தலாம்? டிரம் தடிமனான இரும்பு, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒண்ணா சூடாகாது, அதனால மணிக்கு 55 டிகிரிக்கு மேல போகாதீங்கங்கிறது பொதுவா எல்லா இடத்துலயும் சொல்ற கணக்கு. 30 டிகிரியில இருந்து 283-க்கு நாலரை மணி நேரத்துக்கு மேல ஆகும். இங்கதான் பசங்க ஏமாறுறாங்க, பிரஷர் கேஜை பாத்து வேகத்தை முடிவு பண்றாங்க. 1 ஏடிஏ-ல இருந்து 2 ஏடிஏ போறதுக்குள்ள சூடு 20 டிகிரி ஏறிடும், அதே 50-ல இருந்து 60 போறப்ப 12 டிகிரி கூட ஏறாது. அதாவது கேஜ் முள்ளு அசையாத மாதிரி தெரியுற அந்த ஆரம்ப நேரத்துலதான் டிரம் அதிகமா கஷ்டப்படுது. முள்ளு நகரலையேன்னு சக்கையை அள்ளிப் போடாதீங்க.

இன்னொண்ணு, தொங்குற மாதிரி டிசைன் பண்ண சூப்பர்ஹீட்டர்னா யூ வளைவுக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும், டிரெய்ன் திறந்தாலும் வராது. ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி பிரஷர் குடுத்து பாக்குறது) முடிச்ச அடுத்த லைட்-அப்ல கண்டிப்பா நிக்கும். அந்த தண்ணி கொதிச்சு வத்துற வரைக்கும் அந்த காயில்ல ஸ்டீம் ஓடாது, பக்கத்து காயில்ல ஓடும், கேஜ்ல எல்லாம் நல்லா இருக்குற மாதிரியே தெரியும். அதனால சூப்பர்ஹீட்டர் வாசல்ல கேஸ் சூடு 538 டிகிரியை தாண்டாம மெதுவா தீ வைக்கணும், ஓட்டம் ஒரு 10 சதவீதம், நம்ம பாய்லர்ல 7 டன், வந்து நிலைக்கிற வரைக்கும். டியூப் மெட்டல் தெர்மோகப்பிள் (டியூப் இரும்போட சூட்டை அளக்குறது) இருந்தா, ஸ்டீம் சூட்டை விட்டுட்டு அதைப் பாருங்க.

ஒரு ராத்திரி ஷிப்ட்ல நடந்தது. சீசன் ஆரம்பம், கரும்பு வண்டி வாசல்ல வரிசை கட்டி நிக்குது, மில்லுல இருந்து நிமிஷத்துக்கு ஒரு போன். பிரஷர் ஏற மாட்டேங்குதுன்னு ஸ்டார்ட்-அப் வென்ட்டை முக்கால்வாசி அடைச்சாச்சு, டிஎம் தண்ணியும் (உப்பு நீக்கின தண்ணி) மிச்சம்னு ஒரு சமாதானம் வேற. பிரஷர் ஜிவ்வுனு ஏறுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். டர்பைன் எடுக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஃபர்னேஸ் பக்கம் ஸ்ஸ்ஸ்னு சத்தம், ஐடி ஃபேன் ஆம்பியர் மேல, ஸ்டீம் ஃப்ளோவை விட ஃபீட் ஃப்ளோ அதிகம், நிறுத்தி உள்ள போனா செகண்டரி காயில்ல ஒரு டியூப் வயிறு ஊதி, மீன் வாயைத் திறந்த மாதிரி பிளந்து கிடக்கு. உதடு கத்தி மாதிரி மெலிசு. அப்படி மெலிசா இருந்தா குறுகிய நேரத்துல பயங்கரமா சுட்டிருக்குன்னு அர்த்தம், உதடு தடியா, மேல கருப்பு செதில் படிஞ்சு இருந்தா மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா வெந்திருக்குன்னு அர்த்தம். அந்த முக்கால் மணி நேரத்துக்கு மில்லு மூணு நாள் நின்னுச்சு. வென்ட்டை பிரஷர் ஏற ஏற குறைக்கலாம், ஆனா டர்பைன் லோடு எடுத்து ஸ்டீம் அந்தப் பக்கம் ஓடுற வரைக்கும் மூடவே கூடாது.

லோடு வந்தாச்சு, இனி 485-ஐ பிடிச்சு வைக்கணும். அதுக்குத்தான் ஸ்பிரே. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க: பிரைமரில இருந்து 420 டிகிரியில வர்றதை 390-க்கு இறக்கணும், ஸ்பிரே தண்ணி 125 டிகிரி. ஒரு கிலோ ஸ்டீம் 80 கிலோஜூல் கிட்ட விடணும், ஒரு கிலோ தண்ணி 2600 கிலோஜூல் கிட்ட குடிக்கும், அப்ப 70 டன்னுக்கு ரெண்டு டன் தண்ணி போதும். சும்மா 3 சதவீதம். அதனால வால்வை கொஞ்சமா தொட்டாலே போதும். தொட்டதும் அவுட்லெட் சூடு மாறாது, செகண்டரி காயில் இரும்பு சூட்டை வெச்சுக்கிட்டு மெதுவாதான் விடும், கீசர் குழாயை திருப்பிட்டு தண்ணி சூடாகலையேன்னு இன்னும் திருப்பி கடைசியில கையை சுட்டுக்குறோமே அதே கதை. மேனுவல்ல ஓட்டுறவங்க அவுட்லெட்டை பாக்காம அட்டெம்பரேட்டர் தாண்டின உடனே இருக்குற டெம்பரேச்சரை பாத்து ஓட்டுங்க, ஆட்டோல கேஸ்கேட் லூப்பும் (ஒரு கன்ட்ரோல் இன்னொண்ணுக்கு டார்கெட் குடுக்குறது) அதைத்தான் பண்ணுது. அந்த டெம்பரேச்சர் 283-க்கு குறைஞ்சது 15, 20 டிகிரி மேலயே இருக்கணும், அதுக்கு கீழ போனா துளி ஆவியாகாம ஈரமாவே செகண்டரிக்குள்ள போய் சூடான டியூப்ல அடிக்கும். லோடு கம்மியா இருக்கும்போது ஸ்பிரேயே வேண்டாம், பிளாக் வால்வையும் சேத்து மூடிருங்க, கன்ட்ரோல் வால்வை மட்டும் நம்பாதீங்க, பாதி வால்வு மூடினாலும் கசியுற பாஸிங்தான்.

ஸ்பிரே எப்பவும் முழுசா திறந்தே இருந்தா காரணம் வேற எங்கயோ இருக்கு. எக்சஸ் ஏர் (எரியத் தேவையானதுக்கு மேல போற காத்து) அதிகமா, ஃபர்னேஸ் சுவர்ல சாம்பல் படிஞ்சு சூடெல்லாம் மேல வருதா, சக்கைத் தூள் கிரேட்ல எரியாம மேல பறந்து சூப்பர்ஹீட்டர் கிட்டயே எரியுதான்னு பாருங்க. பலர் விட்டுடுறது ஃபீட் வாட்டர் சூடு. ஹீட்டர் அவுட் ஆகி ஃபீட் குளிர்ந்து வந்தா அதே அளவு ஸ்டீமுக்கு கூட எரிக்கணும், கேஸ் கூடும், ஆனா சூப்பர்ஹீட்டர்ல ஓடுற ஸ்டீம் அதேதான், அப்ப சூடு எகிறும். சூடு மெதுவா நாள் கணக்குல குறைஞ்சுட்டே வந்தா சூப்பர்ஹீட்டர் வெளிப்பக்கம் சாம்பல் மூடிருச்சு, சாம்பலை ஊதித் தள்ளுற சூட் புளோயர் ஓட்டுங்க. சடார்னு 30, 40 டிகிரி விழுந்தா அது வேற, டிரம்ல இருந்து தண்ணி தூக்கிட்டு வருது. லெவலை இறக்குங்க, லோடை குறைங்க, டர்பைன் ஆளுக்கு உடனே சொல்லுங்க.

சர்க்கரை ஆலைக்கே உரிய வில்லன் ஒருத்தன் இங்க இருக்கான், கன்டன்சேட்ல (ஸ்டீம் குளிர்ந்து திரும்பி வர்ற தண்ணி) கலந்து வர்ற சர்க்கரை. எவாப்பரேட்டர் டியூப் ஓட்டையாச்சுன்னா சாறு கன்டன்சேட்டோட சேந்து பாய்லருக்கே வந்துரும், டிரம் தண்ணி பழுப்பாகும், பிஎச் படபடன்னு விழும், புளோடவுன்ல (டிரம்ல இருந்து வெளிய விடுற தண்ணி) கருகுன வெல்ல வாசம் வரும். நுரை கட்டி உப்பெல்லாம் சூப்பர்ஹீட்டருக்குள்ள போய் வெள்ளையா படியும், படிஞ்ச இடத்துல டியூப் வேகும். ஸ்பிரேக்கும் அதே ஃபீட் தண்ணி போச்சுன்னா டிரம்கூட நடுவுல இல்லாம நேரா டர்பைனுக்கு. ஆல்ஃபா நாஃப்தால் டெஸ்ட்ல ஊதா வளையம் வந்துச்சுன்னு லேப் பையன் ஓடி வந்தா விவாதம் வேண்டாம், அந்த கன்டன்சேட்டை சாக்கடைக்கு திருப்பிட்டு டிஎம் தண்ணிக்கு மாறுங்க.

டர்பைன் டிரிப் ஆனா (தானா நின்னு போனா) ஓட்டம் ஒரு நொடியில நிக்கும், கிரேட் மேல இருக்குற சக்கை நிக்காது. வென்ட்டை திறங்க, ஃபீடரை நிறுத்துங்க. சூப்பர்ஹீட்டர் சேஃப்டி வால்வை டிரம் வால்வை விட கம்மி பிரஷர்ல செட் பண்றதே இதுக்குத்தான், டிரம் வால்வு முதல்ல தூக்குனா ஸ்டீம் டிரம்ல இருந்தே வெளிய போயிரும், சூப்பர்ஹீட்டர் காயும்.

கடைசியா, மெயின் லைன் பக்கம் சத்தம் கேட்டு ஆவி எதுவும் தெரியலன்னா கையை நீட்டி தேடாதீங்க. இந்த ஸ்டீம் கண்ணுக்கு தெரியாது, வெள்ளையா தெரியுறது குளிர்ந்த அப்புறம்தான், லீக் இருக்குற இடத்துல இருந்து தள்ளி. எங்க சீனியர் ஒருத்தர் விளக்கமாறை நீட்டி முன்னாடி பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியா நடப்பாரு, ஈர்க்கு சிதறி பறக்குற இடத்துல நிப்பாரு. பிளாட்பார மூலையில அந்த விளக்கமாறு எப்பவும் சாத்தியே இருக்கும், கூட்டுறதுக்கு யாராவது எடுத்தா திட்டு விழும்.