வேனுக்குள் அங்கீட்டி வேண்டாம்

டெல்லி ஆர்.கே.புரத்தில் இருந்து ஜனவரியில் எங்கள் கேம்பர் வேன் மணாலிப் பக்கம் கிளம்பும். முதல் தடவை, "கரி அங்கீட்டியை உள்ளே வெச்சுக்கோ" என்றார் மாமா. அங்கீட்டி என்றால் குளிர்காய வைக்கும் கரியடுப்பு. கூடவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கேஸ் அடுப்பைக் குளிர்காயப் பற்றவைப்பதும் அதே கதைதான்.

நான் பொருத்தியிருப்பது டீசல் ஹீட்டர். எரிய வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளும்; உள்ளே சூடான காற்று மட்டும் வரும். புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று படுக்கும்முன் குனிந்து பாருங்கள். பற்றும்போதுதான் பேட்டரியை அதிகம் உறிஞ்சும். அதனால் அடிக்கடி அணைத்துப் போடாமல், இரவு முழுக்கக் குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள். அணைக்கும்போது மெயின் ஸ்விட்சைப் பிடுங்காதீர்கள். ஃபேன் சுற்றி ஆறட்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு, ஹீட்டரைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டியதாயிற்று.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

அப்புறம், ஜன்னல்களுக்கு ஃபாயில் ஷீட்டை அளவாக வெட்டிச் செருகுங்கள். ஆனால் ஒரு ஜன்னலை மட்டும் விரல் அளவு திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் வழிந்து மெத்தையை நனைத்துவிடும். எங்கள் மெத்தை அப்படி நனைந்ததை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.