கால் வீக்கத்தை மட்டும் நம்பாதீர்கள்: இதய நோயாளியின் நீர்த்தேக்கத்தைக் கணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்தவரை ரவுண்ட்ஸில் பார்க்கும்போது கை முதலில் போவது அவர் காலுக்குத்தான். அமுக்கியதும் குழி விழுந்தால் ஃப்யூரோசமைடு என்ற நீர் மருந்து, விழாவிட்டால் அடுத்த படுக்கை. ஆனால் கால் வீக்கம் அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையாலும் வரும், ரத்தத்தில் ஆல்புமின் புரதம் குறைந்தாலும் வரும், சுருள் சிரையாலும் வரும். படுத்தே கிடப்பவருக்கோ நீர் காலை விட்டு இடுப்பின் பின்பக்கம் தேங்கியிருக்கும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து அங்கே அமுக்கிப் பார்க்காமல் ‘வீக்கம் வடிந்தது’ என்று கேஸ் ஷீட்டில் எழுதக் கூடாது.

ஸ்டெதாஸ்கோப்பும் இதேபோல ஏமாற்றும். நாள்பட்ட நோயாளிகளில் நிணநீர் நாளங்கள் பழகிப்போய்க் கூடுதல் நீரை வடித்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறியிருந்தும் நெஞ்சில் சத்தம் கேட்காது. 1989இல் ஸ்டீவன்சனும் பெர்லாஃபும் வெளியிட்ட ஆய்வில், வெட்ஜ் அழுத்தம் (குழாய் செலுத்தி அளக்கும், இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தைக் காட்டும் அளவு) 22 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ இருந்த 43 பேரில் 18 பேருக்கு நெஞ்சில் கரகரப்பும் இல்லை, வீக்கமும் இல்லை, கழுத்துச் சிரை ஏற்றமும் இல்லை. ஆகவே, அறிகுறிகள் சேர்ந்து இருந்தால் நம்பலாம். இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், அதிகம் கெட்டுப்போயிருப்பது கழுத்துச் சிரையைப் பார்க்கும் பழக்கம்தான். 45 டிகிரியில் சாய்த்து, ஒரு நொடி பார்த்து, ‘ஜே.வி.பி. (கழுத்துச் சிரை அழுத்தம்) நார்மல்’ என்று எழுதிவிடுகிறோம். அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் துடிப்பின் மேல்முனை தாடைக்குப் பின்னால், காது மடல் வரை போய் மறைந்துவிடும். அதனாலேயே கண்ணில் படாது. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்துப் பாருங்கள். காரை எலும்புக்கு மேலே துடிப்பு தெரிந்தால் அழுத்தம் ஏறித்தான் இருக்கிறது. வயிற்றை அமுக்கிக் கழுத்துச் சிரை ஏறுகிறதா என்று பார்ப்பதானால் 10 முதல் 15 நொடி சீராக அமுக்க வேண்டும். நோயாளி வலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் சிரை தானாகவே ஏறும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது எல்லார் கையிலும் எக்கோ வந்துவிட்டது. ஐ.வி.சி. (இதயத்துக்கு வரும் கீழ்ப் பெருஞ்சிரை) 2.1 செ.மீ.க்கு மேல், மூச்சை இழுக்கும்போது பாதிகூடச் சுருங்கவில்லை என்றால் வலது மேலறை அழுத்தம் அதிகம். அவ்வளவுதான் அது சொல்வது. உடம்பில் நீர் அதிகமா என்பது வேறு கேள்வி. இதய உறைக்குள் நீர் சேர்ந்து இதயத்தை நெருக்கும்போதும், வலது கீழறை மாரடைப்பிலும், நுரையீரல் தமனியை ரத்தக் கட்டி அடைத்தாலும் ஐ.வி.சி. புடைத்தே நிற்கும். அங்கே ஃப்யூரோசமைடு ஏற்றினால் பி.பி. சரிந்துவிடும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. நன்றாகப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு ஐ.வி.சி. இயல்பாகவே பெரிதாக இருக்கலாம். 2020இல் வந்த வெக்ஸஸ் முறை கல்லீரல், போர்ட்டல், சிறுநீரகச் சிரைகளின் டாப்ளரையும் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ஐ.வி.சி.யோடு சேர்த்துப் பார்ப்பதால் கூடுதல் பலம் உண்டு. ஆனாலும் மூவிதழ் வால்வு கசிவும் சிரோசிஸும் (கல்லீரல் சுருக்க நோய்) அதையும் குழப்பும்.

இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் பி.என்.பி. அளவு, குண்டானவர்களுக்குக் குறைத்துக் காட்டும். சாக்குபிட்ரில் என்ற இதய மருந்து பி.என்.பி.யை ஏற்றிக் காட்டும் என்பதால், அதை எடுப்பவர்களுக்கு என்.டி. புரோ பி.என்.பி. பரிசோதனைதான் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.2இலிருந்து 1.6க்குப் போனதும் ‘உடம்பில் நீர் வற்றிக் காய்ந்துவிட்டார்’ என்று நீர் மருந்தை நிறுத்திவிடுவது. சிரை அழுத்தம் ஏறினாலே சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் தடைபடும். அந்தக் கிரியேட்டினின் தேக்கத்தால் ஏறியதாகவும் இருக்கலாம். நிறுத்துவதற்கு முன் கழுத்தைப் பாருங்கள், கை கால் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், பி.பி. பாருங்கள். தேக்கம் வடிந்துகொண்டே, ஆளும் தேறிக்கொண்டே வந்தால் சிறிய ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். சிரை இன்னும் புடைத்திருக்க நீர் போகவில்லை என்றால், டோஸ் போதாமல் இருக்கலாம். நீர் மருந்தை ஊசியாகப் போட்டு 2 மணி நேரத்தில் எடுத்த சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மறுநாள் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் டோஸை இரட்டிப்பாக்குங்கள்.

எடையை மட்டும் யாரும் மதிப்பதில்லை. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மெஷினில் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைய எடையைச் சம்மரியில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஓ.பி.யில் ஏறியிருக்கும் 3 கிலோ நீரா, வீட்டுச் சாப்பாடா என்று சொல்ல ஆளிருக்காது.