காலிபரை வீட்டுலயே கழட்டி சீல் மாத்துறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிறாதீங்க

நான் முதல் தடவை என் 150 சிசி பைக்குக்கு காலிபர் (டிஸ்க் பிரேக்ல பேடை டிஸ்க் மேல அமுக்குற பாகம்) சீல் மாத்தினப்ப ரெண்டே வாரத்துல பிரேக் திரும்பவும் புடிச்சிக்கிச்சு. டூப்ளிகேட் சீலை தலைல கட்டிட்டான்னு ஸ்பேர் கடைக்காரரை மனசுக்குள்ள திட்டிட்டே மறுபடி கழட்டினா தப்பு என் மேல தான். சீல் உட்காருற காடிக்குள்ள சுண்ணாம்பு அப்பின மாதிரி வெள்ளையா ஒரு படிமம், அதை சுரண்டாமலே புது சீலை மேல வச்சு அமுக்கியிருக்கேன்.

இது ஏன் பெரிய விஷயம்னா, பேடைத் தள்ளுற பிஸ்டனை திரும்ப உள்ள இழுக்க காலிபர்ல ஸ்பிரிங் எதுவும் கிடையாது. லீவரை அமுக்கும்போது பிஸ்டனோட சேர்ந்து அந்த சதுர ரப்பர் சீல் லேசா முறுக்கிக்கும், விட்டதும் பழைய நிலைக்கு வரும், வரும்போது பிஸ்டனையும் கூட இழுத்துட்டு வரும், அவ்ளோ தான் மேட்டர். தண்ணி பட்டு அலுமினியம் அரிச்சு காடிக்குள்ள பூத்துச்சுன்னா அது சீலை மேல தூக்கும், சீல் பிஸ்டனோட கழுத்தை நெரிக்கும். அப்புறம் எங்க உள்ள போறது. அதனால காடியை பொறுமையா சுத்தம் பண்ணுங்க, மூங்கில் குச்சியோ பித்தளை கம்பியோ போதும், ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டி கோடு போட்டுட்டா அது வழியா ஆயில் கசியும். சீலை பிரேக் ஆயில்ல நனைச்சு மாட்டிட்டு பிஸ்டனை ரெண்டு கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, நேரா இறங்கணும். சுத்தியல் கேக்குதுன்னா காடி இன்னும் சுத்தமாகல.

இன்னொன்னு, பிரேக் ஆயில் வர்ற ஹோஸை முதல்லயே கழட்டிட்டு அப்புறம் பிஸ்டன் வரலயேன்னு முழிக்கிறது. பேடை எடுத்துட்டு லீவரையே அமுக்கி பிஸ்டனை வெளிய தள்ளுங்க, ரெண்டு பிஸ்டன் இருந்தா சீக்கிரம் வர்றதை ஒரு கட்டையால தடுத்து வைங்க. பஞ்சர் கடைல ஏர் அடிச்சு எடுத்துக்கலாம்னு போறவங்க விரலை பத்திரமா பாத்துக்கங்க, பிஸ்டன் தோட்டா மாதிரி வரும். பிளேயரால வெளிப்பக்கம் கவ்வவே கூடாது. பிஸ்டன்ல சீல் படுற இடத்துல துரு குழி விழுந்திருந்தா எமரி பேப்பர் போட்டு தேய்க்காதீங்க, புதுசு வாங்குங்க.

பெட்ரோல், டீசல், டபிள்யூடி-40, சாதா கிரீஸ் இதுல எதுவுமே சீல் கிட்ட வரக்கூடாது. பிரேக் சீல் பொதுவா ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலியம் பட்டா ஊதிரும். காலிபர் நகர்ற ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். காடியை பிரேக் கிளீனரால கழுவுங்க.

பாதி காலியாகி அலமாரில கிடக்கிற பழைய டாட் 4 பிரேக் ஆயில் பாட்டிலை ஊத்தாதீங்க, அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புதுசுல குறைஞ்சது 230 டிகிரில கொதிக்கணும், ஈரம் ஏறினா 155 வரைக்கும் இறங்கலாம். டேங்க் பெயிண்ட்ல சிந்திட்டா உடனே தண்ணி ஊத்துங்க, பேட்ல பட்டா பேடை தூக்கிப் போடுங்க. ஹோஸை காலிபர்ல மாட்டுற பேன்ஜோ போல்ட்டோட செம்பு வாஷர் ரெண்டும் புதுசு தான் போடணும், சில்லறை காசுக்கு கஞ்சத்தனம் வேணாம்.

மாட்டி பிளீட் பண்ணதும் (அதாவது லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்தினதும்) நேரா ரோட்டுக்கு கிளம்பிறாதீங்க. பேட் டிஸ்க்கைத் தொடுற வரைக்கும் முதல் நாலஞ்சு அமுக்குல லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் போகும், நின்ன இடத்துலயே பம்ப் பண்ணுங்க. அப்புறம் லீவரை இழுத்துக் கட்டி கீழ ஒரு நியூஸ்பேப்பர் விரிச்சுட்டு தூங்கப் போங்க, காலைல பேப்பர்ல ஒரு சொட்டு இருந்தாலும் வண்டியை எடுக்காதீங்க.