கேஸ் ஏர்சாஃப்ட் ஸ்னைப்பர் குறி தவறுகிறதா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

பிளாஸ்டிக் குண்டு சுடும் இந்த விளையாட்டுத் துப்பாக்கியில் குறி தவறினால் பலரும் உடனே புது பேரல் (குழல்) வாங்கப் போகிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஹாப்-அப் ரப்பரில்தான், அதாவது குண்டை உரசிப் பின்னோக்கிச் சுழல வைக்கும் ரப்பரில். அதில் எண்ணெய் பட்டால் குண்டுக்குப் பின்சுழற்சி சரியாகக் கிடைக்காது. ஒன்று மேலே ஏறும், அடுத்தது கீழே விழும்.

மேகசினை (குண்டும் கேஸும் இருக்கும் பெட்டி) கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹாப்-அப்பை முழுவதும் தளர்த்துங்கள். கிளீனிங் ராடில் பஞ்சுத்துணி சுற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்து பேரலைத் துடையுங்கள். அப்புறம் காய்ந்த துணியால் ஒருமுறை.

மேகசின் வால்வுக்கும் ஓ-ரிங்குக்கும் (கேஸ் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கான் எண்ணெய் ஓரிரு துளி போதும். பெட்ரோலிய எண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். மேகசினை எடுத்து வைக்கும்போது கொஞ்சம் கேஸ் இருக்கட்டும். சீல்கள் காயாமல் இருக்கும்.

ஹாப்-அப் டியூனிங்கை, விளையாடப் போகும் அதே குண்டில் செய்யுங்கள். 0.20 கிராம் குண்டிலிருந்து 0.40 கிராம் குண்டுக்கு மாறினால், கேஸ் துப்பாக்கியில் வேகம் குறைந்தாலும் ஜூல் (குண்டின் ஆற்றல்) கூடலாம். வெயில் ஏறினால் கேஸ் அழுத்தமும் ஏறும். அதனால் களத்திலேயே குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். சோதனைச் சுடுதலிலும் கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.