மாஸ்டர் டேட்டா சர்வீசஸ்: மாடலின் அமைப்பை மட்டும் வெளியே எடுக்க

மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸோடு வந்த மாஸ்டர் டேட்டா சர்வீசஸில் (நிறுவனத்தின் அடிப்படை டேட்டாவை ஒரே இடத்தில் பராமரிக்கும் வசதி) மாடலின், அதாவது அந்த டேட்டாவை அடுக்கி வைக்கும் சட்டகத்தின், அமைப்பு மட்டும் போதும் என்றால் வெப் பக்கத்தில் இருக்கும் டிப்ளாய்மென்ட் விசார்டே போதும், அது என்டிட்டி (டேபிள் மாதிரி), ஆட்ரிபியூட் (அதன் காலம்), ஹயரார்க்கி (படிநிலை), பிசினஸ் ரூல் (டேட்டாவுக்கான விதி) எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜ் ஃபைலாகக் கொடுத்துவிடும், உள்ளே இருக்கும் டேட்டாவைத் தொடாது. டேட்டாவும் வேண்டுமா? அப்போது சர்வரில் கமாண்ட் லைனுக்குப் போய் 'எம்டிஎஸ் மாடல் டிப்ளாய்' டூலை ஓட்ட வேண்டும். முதலில் லிஸ்ட் சர்வீசஸ் கொடுத்து சர்வீஸ் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் கிரியேட் பேக்கேஜ், கூடவே வெர்ஷன் பெயரும் கேட்கும்.

பயனர் அனுமதிகள் பேக்கேஜில் வராது, புது சர்வரில் கையால்தான் போட வேண்டும் (எரிச்சல்தான்). பின்னால் அப்டேட் அனுப்பும் எண்ணம் இருந்தால் புது சர்வரில் பேக்கேஜை ஏற்றும்போது இதே டூலில் டிப்ளாய் நியூ (தனிப் புது மாடல்) வேண்டாம், டிப்ளாய் குளோன் (மூல மாடலின் நகல்) போடுங்கள். சரி, இன்னொன்று: 2025 எஸ்க்யூஎல் சர்வரில் மாஸ்டர் டேட்டா சர்வீசஸே இல்லை, அதற்கு நகரப் போகிறவர்கள் முன்பே மாடலை எடுத்து வையுங்கள்.